கேர்னல் பேசுகிறது, ஷெல் பேசவில்லை: சீரியல் கன்சோல் ஃப்ளோ கன்ட்ரோலைச் சரிசெய்த அனுபவம்

திரை எழும்புவதற்கு முன்னம், நெட்வொர்க் எழும்புவதற்கு முன்னம், இயங்குதளத்தின் மையமான கேர்னல் என்ன சொல்கிறது என்று பார்க்க, செய்திகளை ஒரு கம்பி வழியாக இன்னொரு கணினிக்கு எழுத்தெழுத்தாக அனுப்பும் சீரியல் கன்சோலை விட்டால் நல்ல வழி இல்லை. கேர்னல் விழும்போதும் அப்படித்தான், மற்ற எல்லாம் போன பிறகும் கடைசி வரி அந்தக் கம்பியில்தான் வந்து விழும். அதனால் அந்தக் கம்பியில் வருவதை நம்பலாமா என்பது எனக்குப் பெரிய விஷயம். நடுவில் நாலு வரி காணாமல் போன லொக், ஒன்றுமே வராத லொக்கை விட மோசம், ஏனென்றால் அது உங்களைப் பிழையான இடத்தில் தேட வைக்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஒரு வீட்டின் முன் அறையில், நாங்கள் சில பேர் பின்னேரங்களில் கூடி இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்று பெடியளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அதற்கென்றே ஒரு சின்னக் கேர்னல் இருக்கிறது. எக்ஸ்86 வகைச் செயலியில் ஓடும், முந்திய தொகுதிப் பிள்ளைகள் எழுதிவிட்டுப் போனது, நல்ல வேலை. அது ஓடுகிற மெஷின்கள், ஒரு அலுவலகம் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டொப்புகள். அவற்றின் பின்னால் உண்மையான ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கிறது, உள்ளே, எழுத்துகளைக் கம்பியில் அனுப்பி வாங்கும் சிப்பான யூஆர்ட், 16550ஏ வகை. இப்போது வருகிற சாதாரண மடிக்கணினிகளில் அப்படி ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது. மறுமுனையில் மடிக்கணினியும் ஒரு யூஎஸ்பி-சீரியல் மாற்றியும்.

முறைப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல. முதலாவது இப்படி.

"அண்ணை, இது நிண்டுபோச்சு. பூட் ஆகேல்லை."

பக்கத்தில் இருந்த மற்றத் தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தவன், "நிக்கேல்லையடா, வடிவாப் பார், இப்ப ஒரு எழுத்து வந்தது" என்றான்.

உண்மைதான். ஒரு எழுத்து வரும், ஒரு செக்கன் கழித்து இன்னொரு எழுத்து வரும். இந்தத் தாளத்தைக் கண்டால் உடனே கேபிளைப் பாருங்கள். அனுப்பும் கம்பி, வாங்கும் கம்பி, நிலக் கம்பி, இந்த மூன்று மட்டும் உள்ள கேபிளைப் போட்டுவிட்டு, கேர்னலிடம் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் பார் என்று சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும்.

வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் என்றால், மறுமுனை வாங்கத் தயாரா என்று பார்த்து அனுப்புவதற்கான இரண்டு கம்பிகள். என்னால் இப்போது வாங்க முடியும் என்று நான் ஆர்டிஎஸ் கம்பியை உயர்த்தி வைப்பேன், அது குறுக்கே போய் உங்களுடைய சிடிஎஸ் கம்பியில் விழும், அதைப் பார்த்து நீங்கள் அனுப்புவீர்கள். ஒன்பது பின் இணைப்பியில் ஆர்டிஎஸ் 7ஆம் பின், சிடிஎஸ் 8ஆம் பின். ஆர்எஸ்-232 இல் இந்தக் கம்பிகள் 'அனுப்பு' என்று சொல்ல +3 இலிருந்து +15 வோல்ற் வரை இருக்கும், 'நில்' என்று சொல்ல −3 இலிருந்து −15 வரை. ஒன்றுமே இணைக்காத பின்னில் பூச்சியத்துக்குக் கிட்ட நிற்கும், வாங்கும் சிப்புக்குள் இருக்கிற சில கிலோஓம் தடை அதை நிலத்துக்கு இழுத்து வைத்திருக்கும், சிப் அதை 'நில்' என்றே வாசிக்கும். ஆகவே மூன்று கம்பிக் கேபிளில் சிடிஎஸ் எப்போதும் 'நில்'. ஒரு மல்டிமீற்றரை எடுத்து 5ஆம் பின்னுக்கும் 8ஆம் பின்னுக்கும் இடையில் வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். நேர்க்கணியம் என்றால் அனுப்பலாம், எதிர்க்கணியம் என்றால் மறுமுனை மறிக்கிறது, பூச்சியம் என்றால் கம்பியே இல்லை. மென்பொருளில் தேடத் தொடங்க முன்னம் இதைச் செய்யுங்கள் என்று இப்போது வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

சரி, கம்பி இல்லை, அப்படியென்றால் ஏன் ஒரேயடியாக நிற்காமல் செக்கனுக்கு ஒரு எழுத்து வருகிறது? ஏனென்றால் எங்கள் கேர்னலின் கன்சோல் எழுதும் பகுதி லினக்ஸைப் பார்த்து எழுதப்பட்டது. லினக்ஸில் இந்த வகை சீரியல் போர்ட்டை ஓட்டும் 8250 டிரைவரில், ஃப்ளோ கன்ட்ரோல் கொடி போட்டிருந்தால், ஒவ்வொரு எழுத்துக்கு முன்னும் சிடிஎஸ் உயர்வதற்கு ஒரு செக்கன் வரை காத்திருக்கும், வராவிட்டால் பரவாயில்லை என்று அனுப்பிவிடும். அந்தக் காத்திருப்பு முழுவதும் வாட்ச்டாக்கையும் தொட்டுக்கொண்டே இருக்கும், மெஷின் செத்துவிட்டது என்று அது முடிவெடுக்காமல் இருப்பதற்காக. காத்திருப்புக்கு ஒரு எல்லை வைத்தது மிகச் சரியான முடிவு. கன்சோல் என்பது சாதாரண டேற்றா போர்ட் இல்லை. பிரிண்டருக்கோ மோடத்துக்கோ போகிற தரவு மறுமுனை தயாராகும் வரைக்கும் காத்திருக்கலாம், எத்தனை மணித்தியாலம் என்றாலும். கேர்னலின் செய்தி அப்படிக் காத்திருக்கக்கூடாது, யாரோ ஒருவர் மறுமுனையில் கேபிளைக் கழற்றிவிட்டார் என்பதற்காக முழு மெஷினும் உறையக்கூடாது.

ஆனால் எல்லை எழுத்துக்கு எழுத்து என்று இருந்தால் கூட்டுத்தொகை எங்கோ போய்விடும். கணக்குப் பாருங்கள். 115200 வேகத்தில், ஒரு எழுத்துக்குத் தொடக்க பிட் ஒன்று, தரவு எட்டு, முடிவு பிட் ஒன்று, மொத்தம் 10 பிட். செக்கனுக்கு 11520 எழுத்து, ஒரு எழுத்துக்கு ஏறக்குறைய 87 மைக்ரோசெக்கன். 80க்கு 25 திரை ஒன்று நிறைய 2000 எழுத்து, சாதாரணமாக அது 0.17 செக்கனில் போய்விடும். எழுத்துக்கு ஒரு செக்கன் காத்திருந்தால் அதே திரைக்கு 33 நிமிடம். பூட் செய்திகள் ஒரு திரையோடு முடிவதில்லை.

இதற்கு நாங்கள் செய்தது சின்ன மாற்றம். கன்சோலுக்கு ஒரு நினைவு கொடுத்தோம். முதல் தடவை காத்திருந்து சிடிஎஸ் வரவில்லை என்றால், 'மறுமுனை பதில் சொல்லவில்லை' என்று ஒரு கொடியை ஏற்றிவிடும். அந்தக் கொடி ஏறியிருக்கும் வரைக்கும் அடுத்த எழுத்துகளுக்குக் காத்திருப்பே இல்லை, சிடிஎஸ்ஸை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடும். எப்போதாவது சிடிஎஸ் உயர்ந்திருக்கக் கண்டால் கொடியை இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு பழையபடி ஒழுங்காகக் காத்திருக்கும். மூன்று கம்பிக் கேபிளில், காத்திருக்கும் எல்லை பூட் ஆகும் நேரம் முழுவதற்கும் ஒரே ஒரு தடவைதான் செலவாகும். கொடி ஏறிய நிலையில் எழுத்தை அனுப்பாமல் விட்டுவிடலாமே என்று எங்களுக்குள் ஒருவர் வாதாடினார், மறுமுனை 'நில்' என்று சொல்லும்போது அனுப்புவது மரியாதை இல்லை என்று. நான் அனுப்ப வேண்டும் என்ற பக்கம். மூன்று கம்பிக் கேபிளில் சிடிஎஸ் பொய் சொல்கிறது, மறுமுனையில் வாசிக்க ஆள் இருக்கிறது, அவருக்கு வரியைக் கொடுக்காமல் விடுவதற்கு நியாயம் இல்லை. உண்மையிலேயே மறுமுனை நிரம்பித்தான் மறிக்கிறது என்றாலும், அந்தச் செய்திகள் நினைவகத்தில் இருக்கிற வட்ட லொக்கில் எப்படியும் இருக்கும், பிறகு எடுத்துப் பார்க்கலாம்.

இடையில் ஒன்று, கேர்னலைத் தொடாமலே தீர்கிற சிக்கல்களும் உண்டு. மடிக்கணினியில் சீரியலைப் பார்க்க மினிகொம் என்ற நிரலைப் பாவிப்பவர்கள் கவனியுங்கள், அதில் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் வரும்போதே 'ஆம்' என்றுதான் இருக்கும். மூன்று கம்பிக் கேபிளில், மெஷின் எழுதுவது எல்லாம் உங்கள் திரையில் ஓடும், ஆனால் நீங்கள் தட்டச்சு செய்வது ஒன்றும் அங்கே போகாது. ஆட்கள் விசைப்பலகை டிரைவரைக் குற்றம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கன்ட்ரோல்-ஏ, பிறகு ஓ, அங்கே சீரியல் போர்ட் அமைப்பு, அதில் எஃப். அவ்வளவுதான். விண்டோஸில் பட்டி (PuTTY) மென்பொருள் வேறு மாதிரி, அதில் சீரியலுக்கு இயல்பாகவே எக்ஸ்ஓன்/எக்ஸ்ஓஃப், அதாவது தனிக் கம்பி இல்லாமல் எழுத்துகளாலேயே 'நில்', 'போ' சொல்லும் முறை, போட்டிருக்கும்.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான விஷயம்.

ஐந்து கம்பிக் கேபிள், ஆர்டிஎஸ் சிடிஎஸ் இரண்டும் குறுக்கே ஒழுங்காக இணைத்தது, பூட் அழகாக ஓடுகிறது, கட்டளைகளைத் தட்டுகிற ஷெல் வருகிறது, பெடியள் வேலை செய்கிறார்கள். திடீரென்று ஷெல் உறையும். தட்டச்சு செய்தால் ஒன்றும் தெரியாது. மெஷின் செத்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், நெட்வொர்க் கேபிளைக் கழற்றினால் 'இணைப்பு போய்விட்டது' என்று கேர்னலின் செய்தி அதே கம்பியில், அதே திரையில், முழுதாக வந்து விழும். கேர்னல் பேசுகிறது, ஷெல் பேசவில்லை. சீரியல் கேபிளை ஒருக்கால் கழற்றிப் பூட்டினால், உறைந்திருந்த ஷெல் தேக்கி வைத்திருந்தது எல்லாவற்றையும் மடமடவென்று கொட்டும், உறைந்த நேரத்தில் தட்டியது உட்பட.

இந்த மூன்றையும் சேர்த்து யோசித்தால் இடம் பிடிபடும், ஆனால் சேர்த்து யோசிக்க நேரம் எடுத்தது. பெடியளில் ஒருவன் வடமராட்சிப் பக்கம், கடற்கரைக்குக் கிட்ட வீடு. அவன் கொண்டுவந்த கேபிளில்தான் இது அடிக்கடி நடந்தது. முனையைப் பார்த்தால் 8ஆம் பின்னில் பச்சைக் களிம்பு, உப்புக் காற்றுக்கு அப்படித்தான் பிடிக்கும். கேபிளை எறிந்துவிட்டு வேறு ஒன்று போட்டால் உறைவது நன்றாகக் குறைந்தது, அத்தோடு விட்டுவிடலாம் என்றும் சிலர் சொன்னார்கள். நான் அந்தக் கேபிளைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். பழுதை ஒழுங்காக வரவைக்கிற ஒரு பொருள் கையில் இருப்பது பெரிய வசதி, அதை எறிவது வீண். களிம்பு செய்தது, சிடிஎஸ்ஸை அடிக்கடி விழுத்தி எழுப்பியது, அவ்வளவுதான். சிடிஎஸ் விழுவதும் எழுவதும் நல்ல கேபிளிலும் நடக்கிற காரியம், மறுமுனை நிரம்பும் போதெல்லாம். அதற்காகத்தானே அந்தக் கம்பி இருக்கிறது. நல்ல கேபிளிலும் குறைவாகவேனும் உறைகிறது என்றால் பிழை கேர்னலில்.

இப்போது யூஆர்ட்டின் உள்ளே வாருங்கள். சிப்புக்குள் மோடம் நிலைப் பதிவகம் என்று ஒரு சின்ன நினைவிடம் இருக்கிறது, எம்எஸ்ஆர் என்பார்கள். அதில் மேல் பாதியில் சிடிஎஸ் இப்போது உயர்ந்திருக்கிறதா என்ற நிலை பிட். கீழ்ப் பாதியில், கடைசியாக வாசித்த பிறகு அது மாறியதா என்ற மாற்ற பிட். முக்கியமான விஷயம், இந்தப் பதிவகத்தை வாசித்தாலே மாற்ற பிட் அழிந்துவிடும், அத்தோடு, மாற்றத்தைக் கேர்னலுக்கு அறிவிக்கக் காத்துக்கொண்டிருந்த அழைப்பான இன்டரப்டும் போய்விடும். வாசிப்பது என்பது ஒன்றையும் கெடுக்காத காரியம் என்று நாங்கள் பழகியிருக்கிறோம், வன்பொருள் பதிவகங்களில் அந்தப் பழக்கம் ஆபத்து.

ஒரே போர்ட்டை இரண்டு பேர் பாவிக்கிறார்கள். ஷெல்லின் வெளியீடு இன்டரப்ட் வழியாகப் போகும். சிடிஎஸ் விழுந்தால் இன்டரப்ட் வரும், அதைக் கவனிக்கும் நிரல் பகுதியான கையாளி எம்எஸ்ஆரை வாசிக்கும், மாற்ற பிட்டைப் பார்க்கும், 'அனுப்புவது நிறுத்தம்' என்று எழுதி வைக்கும். சிடிஎஸ் எழுந்தால் திரும்ப இன்டரப்ட், 'நிறுத்தம்' நீங்கும், அனுப்புவது தொடரும். கேர்னலின் சொந்தச் செய்தி அப்படிப் போகாது. இன்டரப்டுகளை அடைத்துவிட்டு, சுற்றிச் சுற்றி எம்எஸ்ஆரை வாசித்துக்கொண்டு, சிடிஎஸ் உயர்ந்ததும் எழுத்தைத் தள்ளும்.

இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற நேரத்தைப் பாருங்கள். சிடிஎஸ் விழுகிறது, கையாளி 'நிறுத்தம்' என்று எழுதுகிறது. அந்த நேரத்தில் ஒரு கேர்னல் செய்தி வருகிறது. இன்டரப்டுகள் அடைபடுகின்றன, சுற்று தொடங்குகிறது, வாசிக்கிறது, வாசிக்கிறது, அதற்குள் சிடிஎஸ் எழுகிறது. சுற்று அதைக் காண்கிறது, சந்தோஷமாகச் செய்தியை அனுப்புகிறது. ஆனால் அந்த ஒரு வாசிப்பில் மாற்ற பிட் அழிந்துவிட்டது. இன்டரப்டுகள் திரும்பத் திறக்கும்போது காத்திருக்க ஒன்றும் இல்லை. 'நிறுத்தம்' என்று எழுதி வைத்ததை நீக்க யாரும் வரமாட்டார்கள். சிடிஎஸ் உயர்ந்தே இருக்கிறது, மல்டிமீற்றர் அழகாக நேர் வோல்ற் காட்டுகிறது, ஷெல் உறைந்தபடி. கேபிளைக் கழற்றிப் பூட்டும்போது சிடிஎஸ் புதிதாக விழுந்து எழும், அதனால்தான் உயிர் வருகிறது. கேர்னல் செய்தி 'நிறுத்தம்' என்பதைப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் அது மட்டும் வருகிறது. தட்டியது உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது, திருப்பிக் காட்டுகிற எதிரொலி வெளியீடு என்பதால் அதுவும் நின்றது. எல்லா அறிகுறியும் ஒரே காரணத்தில் வந்து பொருந்தின அந்தப் பின்னேரம் எங்கள் அறையில் எழுந்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

லினக்ஸ் டிரைவரை வடிவாக வாசித்தால் இதற்கு மருந்து அங்கேயே இருக்கிறது, எங்கள் கேர்னலுக்கு அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சுற்று ஒவ்வொரு தடவை எம்எஸ்ஆரை வாசிக்கும்போதும், வந்த மாற்ற பிட்டுகளை ஒரு சேமிப்பு மாறியில் சேர்த்து வைக்க வேண்டும். கையாளி அடுத்த தடவை எம்எஸ்ஆரை வாசிக்கும்போது சேமிப்பில் உள்ளதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும், போதாது. இன்டரப்டே அழிந்துவிட்டது, கையாளியை யார் கூப்பிடுவது? ஆகவே கேர்னல் செய்தி முடிந்ததும், போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பாவிக்க வைக்கும் பூட்டை (lock) விடுவதற்கு முன்னம், சேமிப்பில் ஏதாவது இருந்தால் மோடம் நிலையைக் கையாளும் பகுதியை நாங்களே கூப்பிட வேண்டும். லினக்ஸும் அதைத்தான் செய்கிறது. வந்த எழுத்துகளுக்கு இந்தக் கவலை இல்லை, 'எழுத்து வந்திருக்கிறது' என்ற பிட், எழுத்தை எடுக்கும் வரைக்கும் அழியாது. ஆனால் வரி நிலைப் பதிவகம், எல்எஸ்ஆர், அதில் உள்ள பிழை பிட்டுகள், நிரம்பி வழிந்தது, பிரேக் வந்தது போன்றவை, வாசித்தால் அழியும். அனுப்பும் இடம் காலியா என்று பார்க்க அதே எல்எஸ்ஆரைத்தானே சுற்றிச் சுற்றி வாசிக்கிறோம். அதற்கும் ஒரு சேமிப்பு வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து தொலைந்ததே தெரியாமல் தொலையும்.

களிம்பு பிடித்த கேபிளைத் திரும்பப் பூட்டி, கேர்னல் செய்திகளை விடாமல் அடிக்கிற ஒரு சோதனையை ஓட்டினோம். ஷெல் தடுமாறியது, மெதுவானது, உறையவில்லை.

கேபிளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கடையில் வாங்குகிற ஆட்களுக்கு நடக்கும். நல்-மோடம் கேபிள் என்று விற்பவை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் 7ஆம் பின்னும் 8ஆம் பின்னும் குறுக்கே மறுபக்கம் போகாது, ஒவ்வொரு முனையிலும் தங்களுக்குள்ளேயே இணைத்திருப்பார்கள். அதாவது உங்கள் ஆர்டிஎஸ் உங்கள் சிடிஎஸ்ஸுக்கே திரும்பி வரும். மூன்று கம்பியை வைத்துக்கொண்டு ஃப்ளோ கன்ட்ரோல் கேட்கிற மென்பொருளை ஏமாற்றுவதற்காகச் செய்த பழைய உத்தி. பூட்டிப் பார்த்தால் எல்லாம் வேலை செய்யும். நீளமான கோப்பு ஒன்றைக் கன்சோலில் ஒட்டுங்கள், அப்போது தெரியும். உள்வரும் எழுத்துகளைத் தேக்கி வைக்கும் இடையகம் நிரம்புகிறது, கேர்னல் ஒழுங்காக ஆர்டிஎஸ்ஸை இறக்குகிறது, அது நேரே தன்னுடைய சிடிஎஸ்ஸையே இறக்குகிறது, வெளியீடு நிற்கிறது. ஷெல் எழுத முடியாமல் காத்திருக்கிறது, எழுதி முடித்தால்தான் அடுத்ததை வாசிக்கும், வாசித்தால்தான் இடையகம் காலியாகும், காலியானால்தான் ஆர்டிஎஸ் உயரும். முடிந்தது. இதற்குக் கேர்னலில் முழுமையான மருந்து இல்லை, வெளியீட்டுக்கு ஒரு கால எல்லை வைத்து 'ஆர்டிஎஸ் இறங்கியதும் சிடிஎஸ்ஸும் உடனே இறங்குகிறது, கேபிளைப் பார்' என்று எச்சரிக்கை போட்டோம், பெடியளுக்கு அது நல்ல உதவி. வாங்கும்போதே மல்டிமீற்றரின் தொடர்ச்சிச் சோதனையால் ஒரே முனையின் 7க்கும் 8க்கும் இடையில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஃப்ளோ கன்ட்ரோலுக்கு அது உதவாது. நாங்கள் இப்போது கேபிளை நாங்களே சோல்டர் பண்ணுகிறோம்: 2ம் 3ம் குறுக்கே, 7ம் 8ம் குறுக்கே, 5 நேரே, 4ஆம் பின் மறுபக்கத்து 6க்கும் 1க்கும். இணைப்பிகளைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கிறது, பஸ்ஸில் பார்சலாக வரும்.

ஒட்டும்போது எழுத்து தொலைவதற்கு இன்னொரு காரணமும் கேர்னலுக்குள் இருந்தது. 16550ஏ இல் உள்வரும் வரிசை 16 பைட். 115200 வேகத்தில் அது 1.4 மில்லிசெக்கனில் நிரம்பும். எங்கள் கேர்னல் ஒரு முழு வரியை இன்டரப்ட் அடைத்தபடி எழுதும், 80 எழுத்து வரி ஏறக்குறைய 7 மில்லிசெக்கன். அந்த நேரத்தில் மறுமுனை ஓயாமல் அனுப்பினால் 80 பைட் வரும், 16ஐ வைத்திருக்கலாம், மிச்சம் போகும். ஆர்டிஎஸ்ஸை இறக்க வேண்டிய மென்பொருளே அப்போது வேறு வேலையில். சில யூஆர்ட்டுகள், டிஎல்16சி550சி போல, ஆர்டிஎஸ் சிடிஎஸ்ஸை வன்பொருளே தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி உடையவை, எங்கள் மெஷின்களில் அது இல்லை. நாங்கள், அனுப்பும் சுற்றுக்குள்ளேயே உள்வரும் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்து இடையகத்தில் போடச் செய்தோம். எப்படியும் எல்எஸ்ஆரை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம், இரண்டு பிட்டும் அதிலேயே இருக்கின்றன, கூடுதல் செலவு இல்லை. வரியின் நடுவில் பூட்டை விட்டுத் திரும்பப் பிடிக்கலாம் என்ற யோசனையும் வந்தது, அப்படிச் செய்தால் இரண்டு செய்திகள் ஒரே வரியில் கலந்துவிடும், எனக்கு அது பிடிக்கவில்லை.

இடையகம் எந்த அளவில் நிரம்பும்போது ஆர்டிஎஸ்ஸை இறக்குவது என்பதிலும் கொஞ்சம் தாராளம் வேண்டும். கிணற்று மோட்டரை நிப்பாட்டச் சொல்லித் தொட்டிப் பக்கம் நின்று கத்தினாலும், குழாய்க்குள் இருக்கிற தண்ணி வந்துதான் முடியும். மறுமுனை யூஆர்ட்டின் அனுப்பும் வரிசையில் 16 பைட் இருக்கலாம், யூஎஸ்பி மாற்றிகளில் அதைவிடக் கூட இருக்கலாம். நாங்கள் நாலில் மூன்று பங்கு நிரம்பும்போது இறக்கி, நாலில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் உயர்த்துகிறோம். இரண்டும் ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் கம்பி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

எக்ஸ்ஓன்/எக்ஸ்ஓஃப் போட்டால் இந்தக் கம்பி வேலை ஒன்றும் தேவையில்லையே என்று கேட்பார்கள். கன்ட்ரோல்-எஸ் வந்தால் நில், கன்ட்ரோல்-கியூ வந்தால் போ. மூன்று கம்பி போதும், உண்மை. ஆனால் கன்சோலில் அதை நான் விரும்பவில்லை. பழக்கத்தில் சேமிக்கலாம் என்று கன்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு மெஷின் உறைந்தது என்று வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறார்கள். அதை விட, பைனரிக் கோப்பு அனுப்பும்போது அந்த இரண்டு பைட்டுகளும் உள்ளடக்கத்திலேயே வரும். மறுமுனையில் ஒன்றும் இணைக்காமல் நீளமான கேபிள் தொங்கிக்கொண்டிருந்தால் இரைச்சலே ஒரு கன்ட்ரோல்-எஸ் ஆகிவிடலாம். மனிதர் வாசிக்கும் வேகத்துக்கு நிறுத்த அது நல்லது, அதற்கு மேல் வேண்டாம்.

சோதிப்பது பற்றி. மெஷினை மென்பொருளாலேயே போலச் செய்யும் கியூஎமுவில் ஓட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்ப வேண்டாம். அதன் சீரியல் போர்ட் உண்மையான போர்ட் ஒன்றோடு இணைக்கப்படாதபோது சிடிஎஸ் எப்போதும் உயர்ந்தே இருக்கும், ஆகவே மேலே சொன்ன ஒரு பழுதும் அங்கே தலை காட்டாது. எங்கள் முறை, மறுமுனையில் ஒரு பழைய டெஸ்க்டொப், அதில் ஒரு சின்ன நிரல், ஒழுங்கில்லாத இடைவெளிகளில் ஆர்டிஎஸ்ஸை ஏற்றி இறக்கிக்கொண்டு, வருவதை எல்லாம் கோப்பில் எழுதும். கேர்னல் பக்கம் இரண்டு ஓட்டங்கள், ஷெல்லிலிருந்து இலக்கமிட்ட வரிகள் ஒரு பக்கம், கேர்னலிலிருந்து இலக்கமிட்ட செய்திகள் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே நேரத்தில். முடிவில் இலக்கங்களில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. இரவு முழுக்க ஓட விட்டுவிட்டுப் போகலாம், கரண்ட் போகாவிட்டால்.

இந்தச் சோதனையில் இப்போது ஷெல் வரிகள் ஒன்றும் தொலைவதில்லை. கேர்னல் செய்திகளில், மறுமுனை எங்கள் காத்திருப்பு எல்லையைத் தாண்டி மறித்து வைத்தால் மட்டும் இடைவெளி வருகிறது, அது நாங்கள் தெரிந்து எடுத்த முடிவு. கேர்னல் விழும்போது என்ன செய்வது என்பதில்தான் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு, விழும் பாதையில் சிடிஎஸ்ஸுக்காகக் காத்திருப்பது முழுச் செய்திக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை, அதுவும் மிகக் குறுகிய எல்லை, பூட்டு கிடைக்காவிட்டால் பூட்டு இல்லாமலே எழுதும். மறுமுனையில் மெதுவான போர்ட் ஒன்று இருந்தால், எங்கே விழுந்தது என்று கேர்னல் அச்சடிக்கிற தடத்தில் சில வரி போகும். அதற்கு ஒரு தம்பி, தடத்தை இரண்டு தரம் அச்சடிக்கலாம், நடுவில் கொஞ்ச நேரம் விட்டு, என்று சொல்கிறான். அவன் அதை எழுதிக்கொண்டு வந்ததும் களிம்பு பிடித்த கேபிளில் போட்டுப் பார்ப்போம்.